என்ன எண்ணெய்ல சுட்டீங்க பாட்டி?

நான் மட்டும் இந்தக் கேள்வியைக் கேட்காம விட்டிருந்தா அந்தத் தேன்குழல் அன்னிக்கு எல்கேஜி பிள்ளைங்க அத்தனை பேர் கைக்கும் போயிருக்கும். கேட்டது சரிதான், அதுல எனக்கு சந்தேகமே இல்ல. அதுக்கப்புறம் அவங்க ஒண்ணு கேட்டாங்க, நான் ஒண்ணு சொன்னேன், அதுதான் இன்னும் உறுத்திட்டே இருக்கு.

பேத்திக்குப் பிறந்தநாள்னு தூக்குப்போசி நிறைய கொண்டு வந்திருந்தாங்க. கிளாஸ்ல ஒரு பையனுக்கு வேர்க்கடலை, முந்திரி, பாதாம் எதுவும் ஆகாதுன்னு வருஷ ஆரம்பத்துலயே எல்லா வீட்டுக்கும் சொல்லியாச்சு, அவங்களும் அதை மறக்கலை, வாசல்லயே "கல்லக்கா, முந்திரி ஒண்ணும் படலீங் டீச்சர், அந்தப் பையனுக்கோசரம் எள்ளைக்கூட நிறுத்திப்போட்டு வெறும் சீரகந்தான் போட்டிருக்கேன்"ன்னாங்க. எள்ளு அவனுக்கு ஆகும், ஆனாலும் யோசிச்சு நிறுத்தியிருக்காங்க. அப்பதான் எண்ணெயைக் கேட்டேன். அவங்க முகமெல்லாம் சிரிப்பா, "மரச்செக்குல ஆட்டுன கடலெண்ணெய்ங்க, எங்க தோட்டத்துக் கல்லக்கா, பிள்ளைங்களுக்குப் போயி பாக்கெட் எண்ணெய்ல சுடுவனுங்களா?"

அலர்ஜி வர்றது கடலையில இருக்கற புரதத்தாலதான். ஃபேக்டரியில நல்லா ரீஃபைன் பண்ண கடலெண்ணெய்ல அந்தப் புரதம் கிட்டத்தட்ட போயிடும், செக்குல ஆட்டினதுல தங்கிடும். நாம எதை நல்லதுன்னு தேடித்தேடி வாங்கறமோ அதுதான் இந்தப் பையனுக்கு ஆபத்து. முன்னாடி ஒரு கல்யாண வீட்டுல ஒரு வாய் சட்னிக்கே உதடு வீங்கி, வாந்தி எடுத்து, மூச்சு இழுத்து ஆஸ்பத்திரியில படுத்த பையன் அவன். அவனோட மாமா சிங்கப்பூர்ல இருந்து வாங்கிட்டு வந்த அட்ரினலின் பேனா, அலர்ஜி முத்தினா உடனே போடற பேனா மாதிரி ஊசி, என் அலமாரியில அவன் போட்டோவோட இருக்கு, தொடையோட வெளிப்பக்கத்துல அழுத்திப் பிடிக்கணும், உடனே 108 கூப்பிடணும், எனக்கும் ஆயம்மாவுக்கும் அவங்கம்மா வந்து செஞ்சே காட்டிட்டுப் போனாங்க.

பாட்டிகிட்ட விளக்கிச் சொன்னேன், கோவப்படவே இல்ல. "அப்ப அந்தப் பையன் திங்கற மாதிரி என்ன செய்யட்டும், சொல்லு கண்ணு, நாளைக்கே செஞ்சு கொண்டாறேன்"னாங்க.

நான் சொன்ன பதில் இது: "வீட்ல செஞ்சது வேண்டாங்க பாட்டி, கடையில பாக்கெட்டா வாங்கிட்டு வாங்க, அதுல என்ன இருக்குன்னு எழுதியிருக்கும்."

"சரிங் டீச்சர்"னு போசியைத் தூக்கிட்டுப் போயிட்டாங்க. ஆயம்மாவை அனுப்பி வாழைப்பழம் வாங்கி வந்து எல்லாருக்கும் குடுத்தோம், பிள்ளைங்களுக்கு அது ஒரு விஷயமே இல்ல.

ஆனா பாருங்க, பாக்கெட் வேண்டாம், வீட்ல செஞ்சதைக் குடுத்து விடுங்கன்னு ஒவ்வொரு மீட்டிங்லயும் தொண்டை தண்ணி வத்தப் பேசறதே நான்தான். உப்பு, சர்க்கரை, கொழுப்பு அதிகமா இருக்கற தீனியை ஸ்கூலைச் சுத்தி 50 மீட்டருக்குள்ள விக்கக்கூடாதுன்னு உணவுப் பாதுகாப்பைப் பாக்கற மத்திய அரசோட எஃப்எஸ்எஸ்ஏஐ 2020லயே விதி போட்டிருக்கு, அதை நோட்டீஸ் போர்டுல ஒட்டினதும் நான்தான். அதே வாயால ஒரு பாட்டியைக் கடைக்குப் போகச் சொல்லியிருக்கேன். அது தப்புன்னும் எனக்குச் சொல்ல வரலை. கை நிறையப் பிள்ளைங்களை வெச்சிருக்கற ஒருத்தி ஒவ்வொரு வீட்டு சமையக்கட்டுக்கும் போய்ப் பாக்க முடியாது, அதே கரண்டியில கடலைச் சட்னி கிண்டினாங்களா, அதே மிக்ஸி ஜார்ல என்ன பொடி அரைச்சாங்கன்னு எனக்கு எப்படித் தெரியும், எழுத்துல ஒண்ணு இருந்தா அதைத்தான் பிடிச்சுக்கத் தோணும்.

அப்புறம் எழுத்துல என்னதான் இருக்குன்னு உக்காந்து பாத்தேன். அதே எஃப்எஸ்எஸ்ஏஐயோட 2020 லேபிள் விதிப்படி வேர்க்கடலை, முந்திரி பாதாம் மாதிரி கொட்டைங்க, பால், முட்டை, மீன், சோயா, கோதுமை இதெல்லாம் சேர்ந்திருந்தா பாக்கெட் மேல தனியா ஒரு அலர்ஜி வரி போட்டே ஆகணும். அதுவரைக்கும் நிம்மதி. ஆனா அந்தப் பொருள்ல இருந்து எடுக்கற எண்ணெய்க்கு மட்டும் அந்த வரியில இருந்து விலக்கு. கடலெண்ணெய்ல பொரிச்ச மிக்சர்னா அந்த எண்ணெய் பேரை மேல இருக்கற பொடி எழுத்துப் பட்டியல்ல நாமதான் தேடிக் கண்டுபிடிக்கணும். ஒரே மெஷின்ல கடலையும் ஓடினா வரக்கூடிய கலப்புக்கு "இருக்கலாம்"னு போடறதும் கட்டாயமில்ல, அதனால போடலைங்கறதுக்காக இல்லைன்னு ஆகிடாது. எந்த எண்ணெய்னு நான் கேட்டதும் எந்தத் தோட்டம், எந்தச் செக்குன்னு சொன்ன மனுஷியை விட்டுட்டு, கேட்டாலும் வாயைத் திறக்காத ஒரு கவரை நம்புன்னு சொல்லியிருக்கேனேன்னு அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரலை.

அவனுக்கு மட்டும் குடுக்காம மத்தவங்களுக்குக் குடுத்திருக்கலாமேன்னு ஸ்டாஃப் ரூம்ல கேட்டாங்க. நாலு வயசுப் பிள்ளைங்களை வெச்சுட்டு அது நடக்காது. தின்ன கையோட பக்கத்துப் பிள்ளை கன்னத்தைப் பிடிக்கும், நல்லா இருக்குன்னா பாதி கடிச்சதை நீட்டும், பெஞ்சுல தூள் கிடக்கும், அதைத் தொட்டு இவன் வாயில விரலை வெப்பான். அதுவுமில்லாம எல்லாரும் திங்கறப்ப ஒருத்தன் மட்டும் தன் டப்பாவைத் திறந்து வெச்சுட்டு உக்காந்திருக்கறதை நான் பாத்திருக்கேன், அவன் அழமாட்டான், அதுதான் தாங்காது. எல்லாரும் திங்கற மாதிரி ஒண்ணு வேணுங்கறதுல நான் இறங்கி வர மாட்டேன்.

அதுக்கு என்ன இருக்குன்னு தேடினா, வாழைப்பழம், கொய்யா, வேகவெச்ச சர்க்கரைவள்ளிக் கிழங்கு, வெறும் இட்லி. பொரி நல்லதாச்சேன்னு கடைக்குப் போனேன், அந்தண்ணன் பக்கத்து மூட்டையில வறுத்த கடலை அளந்த அதே படியைப் பொரிக்குள்ள விட்டு அள்ளினார், வேண்டாங்கண்ணான்னு திரும்பி வந்துட்டேன்.

பையனோட அம்மாகிட்ட அன்னிக்கு சாயங்காலமே நடந்ததைச் சொல்லிட்டேன், சொல்லித்தான் ஆகணும். நல்லவேளை மிஸ்னு சொல்லுவாங்கன்னு நினைச்சேன், அவங்க அந்தப் பாட்டி நம்பரைக் கேட்டாங்க. பாட்டிகிட்டக் கேட்டுட்டு வாங்கிக் குடுத்தேன். கொஞ்ச நாள்ல அவன் அந்த வீட்டுக்கே விளையாடப் போயிருக்கான், இவங்களும் கூடவே போய் அடுப்பு பக்கத்துலயே நின்னிருக்காங்க, பாட்டி புது வாணலி வாங்கி, தேங்காய் எண்ணெய் ஊத்தி, அதே தேன்குழலைச் சுட்டுக் குடுத்திருக்காங்க. "பயமா இல்லையாங்க?"ன்னு கேட்டேன். "பயம் எப்பவும் இருக்கு மிஸ். ஆனா அவங்க நான் கேட்டது எல்லாத்துக்கும் நேரா பதில் சொன்னாங்க, தெரியாததைத் தெரியாதுன்னும் சொன்னாங்க, அது போதும் எனக்கு"ன்னாங்க.

எனக்கும் அது போதும்னு சொல்லிட ஆசையாத்தான் இருக்கு. அவங்க பெத்தவங்க, அவங்க மகனுக்கு அவங்க முடிவெடுக்கலாம். நான் லீவு போடற அன்னிக்கு வேற ஒரு டீச்சர் வருவாங்க, வாசல்ல வேற ஒரு பாட்டி நிப்பாங்க, அவங்க எண்ணெயைக் கேப்பாங்களான்னு தெரியாது. இந்த நினைப்பு வந்ததும் பாக்கெட்டே மேல்னு தோணும். அப்புறம் அந்த எண்ணெய் விலக்கு ஞாபகம் வரும்.

வர்ற வருஷத்துக்குப் பிறந்தநாள் தீனி பத்தி சர்க்குலர் எழுதித் தரச்சொல்லி பிரின்சிபால் கேட்டிருக்காங்க, பாக்கெட் மட்டும்னு ஒரு வரி போட்டா போதும்ங்கறது அவங்க கருத்து. பழமும் கிழங்கும் முதல்ல எழுதிட்டேன். பாக்கெட்னா அலர்ஜி வரியோட நிறுத்தாம பொருள் பட்டியல்ல எண்ணெய் பேரையும் படிச்சுட்டு அனுப்புங்கன்னு அதுக்குக் கீழ எழுதிட்டேன். வீட்ல செஞ்சதுங்கற தலைப்புக்குக் கீழ ஒரு தடவை "அனுமதி இல்லை"ன்னு எழுதி அழிச்சேன், அப்புறம் "முதல் நாளே டீச்சர்கிட்டப் பேசிட்டு"ன்னு எழுதி அதையும் அழிச்சிருக்கேன், திங்கக்கிழமை குடுக்கணும்.