பி மைனர் மாஸ்: பதிவுகளை ஒப்பிட மூன்று இடங்கள்

ஜெர்மன் இசையமைப்பாளர் பாக் 1749-இல் முடித்த பி மைனர் மாஸ், அதாவது தேவாலய வழிபாட்டின் லத்தீன் வரிகளைக் கோரஸும் வாத்தியக் குழுவும் இசைக்கும் படைப்பு, ஏறக்குறைய ஒன்றே முக்கால் மணி நேரம் ஓடும். நான்கு பதிவுகளை முழுசாக வரிசையாகக் கேட்டால், நான்காவது முடியும்போது முதலாவது காதில் இருக்காது. ஒரே பகுதியை அடுத்தடுத்துக் கேட்பதே வழி.

முதலில் பாட்டுக் கேட்கும் செயலியைச் சரிசெய்யுங்கள். ஒலியளவைத் தானாகச் சமன்செய்யும் வசதி ஒவ்வொரு டிராக்குக்கும் தனியாக இயங்கினால், அடங்கி முடியும் 'குரூசிஃபிக்ஸஸ்' (சிலுவையில் அறையப்பட்டதைப் பாடும் பகுதி) உயர்ந்துவிடும், அடுத்து வெடிக்கும் 'எட் ரிசரெக்ஸிட்' (உயிர்த்தெழுந்ததைப் பாடும் பகுதி) அமுங்கிவிடும். ஆல்பத்துக்கு மொத்தமாக இயங்கும்படி மாற்றுங்கள். பதிவுக்குப் பதிவு ஒலியளவையும் காதால் சமப்படுத்துங்கள். சற்று உரக்க ஒலிப்பதே மேலானதாகத் தோன்றும். பாக் காலத்து வகை வாத்தியங்களை வாசிக்கும் குழுக்கள் பெரும்பாலும் 415 ஹெர்ட்ஸ் சுருதியில் வாசிப்பவை, அதாவது இன்று வழக்கமான 440-ஐவிட அரைச்சுரம் கீழே. அந்தக் கருமையைப் பாடகர்களின் குறையாக எண்ண வேண்டாம்.

முதல் 'கீரியே': நான்கு பார் (தாளச் சுற்று) முழக்கம், பிறகு ஒரே மெட்டைக் குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துப் பின்னும் நீண்ட ஃபியூக். இசை நடத்துநர் கிளெம்பரர் (1967 பதிவு) இதை மிகவும் விளம்பமாக நடத்துகிறார். ஆனாலும் பாரம் தொய்வதில்லை. காலப்பிரமாணத்தை மட்டும் வைத்து அவரை ஒதுக்குவது தவறு.

எனக்கு முக்கியமான சோதனை 'குரூசிஃபிக்ஸஸ்'. அரைச்சுரமாக இறங்கும் நான்கு பார் பாஸ் (கீழ்க்குரல்) வரி 13 முறை வருகிறது. கடைசி முறை புல்லாங்குழல்களும் வயலின்களும் நின்றுவிடும். பாடகர்களும் அடித்தளப் பாஸும் மட்டும் ஈ மைனரிலிருந்து ஜி மேஜருக்குத் திரும்புவார்கள். சுருதி சறுக்கினால் இங்கே மறைக்க இடமில்லை. எதிரொலி மிகுந்த கூடத்தில் பெரிய கோரஸ் பாடினால் இந்தத் திருப்பமே கரைந்துபோகும். நடத்துநர் கார்டினரின் (1985) பதிவில் அது துல்லியமாகக் கேட்கிறது.

மூன்றாவது 'கொன்ஃபிட்டெயோர்'. ஐந்து குரல்களின் பின்னலுக்குள் பழைய தேவாலயப் பண் பாஸ் குரலிலும் டெனருக்கு மேலுள்ள ஆல்டோ குரலிலும் துரத்திக்கொண்டு வரும், பிறகு ஆண்களின் மேல்குரலான டெனரில் நீட்டி ஒலிக்கும். ஒரு குரல்வரிக்கு ஒரே பாடகர் என்று நடத்துநர் ரிஃப்கின் 1982-இல் வெளியிட்ட பதிவில் அந்த டெனரைத் தேட வேண்டியதே இல்லை. 'எட் ரிசரெக்ஸிட்'டில் அதே சிறு குழு எக்காளங்களுக்கு முன் மெலிந்துதான் ஒலிக்கிறது. அந்த நஷ்டத்தை நான் ஏற்பேன்.