வைவா வேண்டாம், உக்னே இருக்கட்டும்

என் மனைவி லிதுவேனியாவின் கௌனஸ் நகரத்துக்காரி, நான் பாளையங்கோட்டைக்காரன். இருவருக்கும் வேலை அந்நாட்டுத் தலைநகர் வில்னியஸில். பெண் குழந்தை என்று தெரிந்ததும் எங்களுக்குள் ஓர் உடன்பாடு செய்துகொண்டோம். பெயர் லிதுவேனியப் பெயராக இருக்கும். ஆனால் ஊரில் இருக்கும் என் அம்மாவின் வாயில் அது நுழைய வேண்டும். கேட்க எளிதாகத்தான் இருந்தது.

லிதுவேனிய மொழியில் பெயருக்கு ஈறு முக்கியம். ஆண் பெயர் என்றால் பெரும்பாலும் அஸ், இஸ், உஸ் என்று முடியும். பெண் பெயர் ஆ அல்லது ஏ என்று முடியும். ஈறு இல்லாத பெயர் அவர்களுடைய காதுக்குப் பாதியில் நின்றுபோன சொல். பத்திரிகைகளில் அமெரிக்க அதிபர்கூட டொனால்டஸ் டிரம்பஸ்தான். என்னை முதன்முதலில் பார்த்த அன்றே மனைவியின் பாட்டி ‘முருகனஸ்’ ஆக்கிவிட்டார். கூப்பிடும்போது ‘முருகனாய்!’ என்பார். முதலில் திகைத்தேன், பிறகுதான் புரிந்தது, அது விளி வேற்றுமை. யோனஸ் என்பவரைக் கூப்பிட்டால் யோனாய். முருகனைக் கூப்பிட்டால் முருகா என்று நாம் சொல்வதில்லையா? நமக்கு எட்டு வேற்றுமை, அவர்களுக்கு ஏழு. எனவே ஒரு பெயரைப் பரிசீலிக்கும்போது ஏழு வடிவத்திலும் அது காதுக்கு இதமாக இருக்கிறதா என்று மாமியார் சொல்லிச் சொல்லிப் பார்ப்பார். எனக்கு ஆறாம் வகுப்புத் தமிழையா நினைவுக்கு வந்தார்.

அர்த்தம் தேட அகராதி தேவைப்படாத பெயர்கள் இங்கே நிறைய. ரூத்தா என்றால் அருவதாச் செடி; நாட்டின் தேசிய மலர் அது, பழைய திருமணங்களில் மணப்பெண் தலையில் அதன் வளையம் இருக்கும். கிந்தாரஸ் என்றால் பால்டிக் கடற்கரையில் ஒதுங்கும் அம்பர், அதாவது கல்லாய் இறுகிய மரப்பிசின். ஔத்ரா புயல். கியெத்ரே மேகமில்லாத தெளிந்த வானம். புயல் என்று ஒரு பெண்ணுக்குப் பெயர் வைக்கும் துணிச்சல் எனக்குப் பிடித்திருந்தது. பெற்றெடுக்கப் போகிறவளுக்குப் பிடிக்கவில்லை.

இன்னொரு வகை, பழைய அரசர்களின் கூட்டுப் பெயர்கள். 1253-இல் முடிசூடிய மிந்தாவ்கஸ், பெருங்கோமகன் வீத்தாவ்தஸ், கெதிமினஸ் போன்றவை. இரண்டு வேர்ச்சொற்களை ஒட்டிச் செய்தவை இவை. வீத்தாவ்தஸுக்குள் இருக்கும் ‘தாவ்தா’வுக்கு மக்கள் என்று பொருள். கிறிஸ்தவம் வந்த பின் புனிதர்களின் பெயர்களே வழக்கமாகிப் போக, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நாடு விடுதலை பெற்றதும் இந்தப் பழம்பெயர்கள் மறுபடி தொட்டிலுக்கு வந்தன. வீத்தாவ்தஸ் இறந்து ஐந்நூறு ஆண்டு நிறைந்ததை 1930-இல் நாடே கொண்டாடியது. மனைவியின் தாத்தா அந்தச் சமயத்தில் பிறந்தவர். அவர் பெயரும் வீத்தாவ்தஸ்தான். வேதாசலம் மறைமலை அடிகளான காலமும் ஏறத்தாழ அதுதானே என்று நான் சொன்னபோது, மாமனார் அந்தக் கதையை முழுதாகக் கேட்டுவிட்டுத்தான் விட்டார். ஆனால் எங்களுக்குப் பிறக்கப் போவது பெண். அரசர்களைத் தள்ளிவைத்தோம்.

பட்டியல் அம்மாவிடம் போனது. முதல் பெயர் ரசா. பனித்துளி என்று பொருள். அம்மா தொலைபேசியில் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “ஏலே, பிள்ளைக்கு ரசம் என்றா பேர் வைப்பீர்கள்?” என்றார். அடுத்தது மனைவிக்கு மிகவும் பிடித்த வைவா. வானவில்லை இங்கே ‘வைவோரிக்ஷ்டே’ என்பார்கள். அதிலிருந்து வந்த அழகான பெயர். நெல்லைக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. “சேட்டை செய்தால் அம்மா வைவா” என்று கேட்டு வளர்ந்தவன், பெற்ற மகளை வைவா என்று எப்படிக் கூப்பிடுவேன்? இதை மனைவிக்கு விளக்கியபோது அவள் சிரித்துக்கொண்டே, ‘வைவோரிக்ஷ்டே’யின் பிற்பாதிக்குப் பிரம்பு என்று பொருள் என்றாள். திட்டும் பிரம்பும் ஒரே பெயரில். அதோடு அதைக் கைவிட்டோம்.

ஔஷ்ரா என்றால் விடியல். வடமொழி உஷஸும் இதுவும் ஒரே வேரிலிருந்து பிரிந்தவை. அந்த நெருக்கமே வினையாயிற்று. எங்கள் வீட்டில் ஏற்கெனவே ஓர் உஷா அத்தை இருக்கிறார். அவருக்கும் அம்மாவுக்கும் இருபது வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை.

எக்லே மட்டும் நெடுநாள் தாக்குப்பிடித்தது. ஊசியிலை மர வகை ஒன்றின் பெயர். எனக்குப் பிடித்தது அதன் பின்னுள்ள கதை. எக்லே பாம்பரசனை மணந்து கடலுக்கடியில் வாழ்கிறாள். பிள்ளைகளோடு தாய்வீடு வரும்போது, கணவனைக் கரைக்கு அழைக்கும் இரகசியப் பெயரை அவளுடைய சகோதரர்கள் பிள்ளைகளை மிரட்டிக் கேட்கிறார்கள். மகன்கள் வாய் திறக்கவில்லை. பயந்துபோன கடைக்குட்டி மகள் சொல்லிவிடுகிறாள். அவர்கள் அரிவாள்களோடு போய் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு வெட்டிக் கொல்கிறார்கள். அலையில் இரத்த நுரையைக் கண்ட எக்லே மகன்களை ஓக், ஆஷ், பிர்ச் மரங்களாக்கி, மகளைக் காற்றே இல்லாவிட்டாலும் நடுங்கும் ஆஸ்பென் மரமாக்கி, தானும் மரமாகிறாள். பலாங்கா என்ற கடற்கரை ஊரின் பூங்காவில் பாம்போடு நிற்கும் எக்லேயின் சிலையைப் பார்த்திருக்கிறேன். ஓக் மகனின் பெயரான ஆஜுவோலஸை இன்றும் பையன்களுக்கு வைக்கிறார்கள். நடுங்கும் மகளின் பெயரை வைத்து நான் கேள்விப்பட்டதில்லை. சின்னப் பிள்ளை மேல் இவ்வளவு கோபம் எதற்கு என்று எனக்கு இன்னும் அந்தக் கதையோடு வழக்கு இருக்கிறது. எக்லேயை மறுத்தது மாமியார்தான்: “என் அலுவலகத்தில் மட்டும் மூன்று எக்லேக்கள்!”

குழந்தை கார்த்திகை மாதத்தில் பிறந்தாள். இங்கே நான்கு மணிக்கே இருட்டிவிடும் காலம். மாமியார் அப்போதுதான் உக்னே என்றார். ‘உக்னிஸ்’ என்றால் நெருப்பு. அக்னியின் நேர் உறவு. அந்தக் காலத்தில் இரவு படுக்குமுன் அடுப்புத் தணலைச் சாம்பலால் மூடி, காபியா என்ற அடுப்புத் தெய்வத்தைப் பிரார்த்தனை சொல்லித் தூங்க வைப்பார்களாம். பெண்பிள்ளைக்கு நெருப்பா என்று அம்மா தயங்கவே இல்லை. “கார்த்திகையில் பிறந்தவளுக்கு விளக்குப் பேர்தானே வைக்க வேண்டும்?” என்றார். வாயில் ‘உக்கினி’ என்று நுழைந்தும்விட்டது.

பதிவு வேலை தனிக் கதை. மருத்துவமனையே பிறப்புத் தகவலை மின்னணு முறையில் அனுப்பிவிடுகிறது; பலர் வீட்டில் இருந்தபடியே இணையத்தில் முடித்துவிடுகிறார்கள். எங்கள் திருமணம் திருநெல்வேலியில் நடந்ததால் முதலில் அந்தச் சான்றிதழை வெளிநாட்டில் செல்லுபடியாக்கும் அபோஸ்டில் முத்திரை, மொழிபெயர்ப்பு, இங்குள்ள பதிவேட்டில் சேர்ப்பு என்று வரிசையாகச் செய்ய வேண்டியிருந்தது. பெயரில் சிக்கல் இல்லை. அரசின் மொழி ஆணையம் வைத்திருக்கும் பெயர்த் தரவுத்தளத்தில் உக்னே இருக்கிறது. பிள்ளைக்கு இரண்டு பெயர்வரை வைக்கலாம். எங்களுக்கு ஒன்றே போதும் என்றாகிவிட்டது.

சிக்கல் குடும்பப் பெயரில் வந்தது. இங்கே பெண்ணின் குடும்பப் பெயரே அவளைப் பற்றிச் சொல்லிவிடும். முன்னாள் அதிபர் தலியா கிரிபவுஸ்கைத்தேயின் ‘ஐத்தே’ மணமாகாதவர் என்கிறது; 1990-இல் பிரதமரான கசிமிரா பிருன்ஸ்கியேனேயின் ‘இயேனே’ மணமானவர் என்கிறது. இரண்டையும் சொல்லாமல் வெறும் ‘ஏ’ ஈற்றோடு நிறுத்திக்கொள்ள 2003 முதல் வழி இருக்கிறது. என் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் இருப்பதோ என் அப்பாவின் பெயர், சுப்பையா. ‘ஆ’ என்று முடிவதால் அது பெண்ணின் பெயர் போலத் தோன்றியது பதிவு அலுவலருக்கு. தமிழ்நாட்டில் எங்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது, தந்தை பெயரின் முதலெழுத்துதான் உண்டு, முறைப்படி இவள் மு. உக்னே என்று விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, படிவத்தில் முதலெழுத்துக்குக் கட்டம் இல்லை என்றார். தந்தை வெளிநாட்டவர் என்பதால் ஈறு எதுவும் சேர்க்காமல் உக்னே சுப்பையா என்று பதிந்தோம். அப்பாவுக்கு ஏக மகிழ்ச்சி.

மிச்சம் இருந்தது அந்தக் கடைசி எழுத்து. பெயரின் நெடில் ஏகாரத்துக்கு லிதுவேனிய எழுத்தில் தலையில் ஒரு புள்ளி உண்டு. இந்திய ஆவணங்களில் அந்தப் புள்ளிக்கு இடமில்லை. எடுத்துவிட்டால் பெயர் குறிலாகி ‘உக்னெ’ ஆகிவிடும். லிதுவேனிய இலக்கணப்படி அது விளி வேற்றுமை. இந்தியாவின் கடல்கடந்த குடியுரிமை அட்டையை மாமியார் வாங்கிப் பார்த்துவிட்டு, “உங்கள் அரசாங்கம் இவளை எதற்குக் கூப்பிடுகிறது?” என்று கேட்டார்.