தாய் வழியே வந்த அடிமைத்தனம்

1662 டிசம்பரில் ஜேம்ஸ்டவுனில் கூடிய, வட அமெரிக்காவில் ஆங்கிலேயரின் காலனியாக இருந்த வர்ஜீனியாவின் சட்டசபை ஒரு சின்னச் சட்டம் போட்டது. ஆங்கிலேயனுக்கும் கறுப்பினப் பெண்ணுக்கும் பிறக்கிற பிள்ளை அடிமையா இல்லையா என்று சந்தேகம் எழுந்திருக்கிறது. இனி தாயின் நிலை எதுவோ அதுவே பிள்ளையின் நிலை. விஷயம் இவ்வளவுதான். கூடவே, அப்படிப்பட்ட உறவு வைத்துக்கொள்கிற கிறிஸ்தவருக்கு இரட்டிப்பு அபராதம்.

அமெரிக்காவின் ஆரம்ப கால வரலாற்றுக்குத் திருப்புமுனைகளைப் பட்டியல் போடுகிறவர்கள் 1607 ஜேம்ஸ்டவுன் குடியேற்றம், 1620 மேஃப்ளவர் கப்பலில் வந்த குடியேறிகள், 1776 சுதந்திரப் பிரகடனம், 1787 அரசியல் சட்டம் என்று வரிசையாகப் போய்விடுவார்கள். என்னைக் கேட்டால், 1662-ஐ விட்டுவிட்டு 1776-ஐப் புரிந்துகொள்ளவே முடியாது.

நான் வர்ஜீனியாவின் ரிச்மண்டில் இருக்கிறேன். உயில்களும் சொத்துப் பத்திரங்களும் வாசிப்பது என் பிழைப்பு. வேலை தந்த பழக்கம் ஒன்று உண்டு: திடீரென்று ஒரு புது விதி முளைத்தால், அதற்கு முன்னால் யார் எந்த வழக்கில் ஜெயித்தார்கள் என்று தேடுவேன். இந்தச் சட்டத்துக்கு முன்னால் ஜெயித்தவர் எலிசபெத் கீ.

அவருடைய அப்பா தாமஸ் கீ ஆங்கிலேயர், சட்டசபையில் உறுப்பினராக இருந்தவர். அம்மா ஆப்பிரிக்கப் பெண். ஆவணங்களில் அந்த அம்மாவின் பெயர் இல்லை. 1636-இல் தாமஸ் கீ சிறுமியை ஹம்ஃப்ரி ஹிக்கின்சன் என்பவரிடம் ஒன்பது வருட ஒப்பந்தத்தில் விட்டார். ஞானஸ்நானத்தின்போது ஞானத்தந்தையாக நின்றவரும் அவர்தான். ஆனால் பெண் கைமாறி ஜான் மோட்ரம் வீட்டுக்குப் போனாள். ஒன்பது வருடம் முடிந்தும் விடவில்லை. 1655-இல் மோட்ரம் இறந்ததும், அவருடைய சொத்தை நிர்வகித்தவர்கள் எலிசபெத்தை அடிமைக் கணக்கில் சேர்த்துவிட்டார்கள். கைக்குழந்தையோடு இருந்த எலிசபெத் வழக்குப் போட்டார். அவருக்காக வாதாடியவர் வில்லியம் கிரின்ஸ்டெட் என்ற ஆங்கிலேய இளைஞர், குழந்தையின் அப்பா.

சாட்சிகளில் ஒருவர் ஏறக்குறைய எண்பது வயதான எலிசபெத் நியூமன். தாமஸ் கீதான் தகப்பன் என்பது ஊரறிந்த சங்கதி, அதற்காகக் கோர்ட்டில் அபராதமே கட்டினார் என்று அந்தப் பாட்டி சொன்னார். அபராதம் கட்டிய தகப்பன் மகளை மறுக்க முடியாதே! கீழ் நீதிமன்றத்தில் ஜூரி எலிசபெத் பக்கம் நின்றது. மேல் நீதிமன்றம் அதை மாற்றியது. விவகாரம் சட்டசபைக்குப் போனது; அங்கே ஒரு குழு விசாரித்து, மூன்று காரணங்களால் எலிசபெத்துக்கு விடுதலை உரியது என்றது. தகப்பன் சுதந்திரமான ஆங்கிலேயர், ஆங்கிலேயப் பொதுச்சட்டப்படி பிள்ளையின் நிலை தகப்பன் வழி. எலிசபெத் ஞானஸ்நானம் பெற்ற கிறிஸ்தவர், தன் விசுவாசத்தை நன்றாகவே எடுத்துச் சொல்கிறார். ஒப்பந்தமும் குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும். கூடுதலாக உழைத்த காலத்துக்கு ஈடும், சோளமும் துணியும் மோட்ரம் சொத்திலிருந்து தரவேண்டும் என்றும் குழு எழுதியது. 1656-இல் எலிசபெத் விடுதலையானார். கிரின்ஸ்டெட்டை மணந்துகொண்டார்.

அந்தக் குழுவின் அறிக்கையைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைப் பிசைகிறது. ஏனென்றால், அடுத்து வந்த சட்டங்களை அதன் பக்கத்தில் வைத்தால், எலிசபெத் நுழைந்த வாசல்களை அவர்கள் ஒவ்வொன்றாகச் சாத்தியது தெரிகிறது. 1662-இல் தகப்பன் வாசல். 1667-இல் ஞானஸ்நானம் பெற்றாலும் அடிமைத்தனம் போகாது என்று இன்னொரு சட்டம். கிறிஸ்தவரல்லாதவராகக் கப்பலில் வந்திறங்கும் வேலைக்காரர் ஆயுள் முழுக்க அடிமை என்று 1670-இல் மூன்றாவது.

அடிமைத்தனம் 1662-இல் தொடங்கவில்லை. 1619-லேயே வர்ஜீனியாவின் பாயிண்ட் கம்ஃபர்ட் கரையில் இருபது சொச்சம் ஆப்பிரிக்கர்களை இறக்கி உணவுப் பொருளுக்கு மாற்றினார்கள். 1640-இல் மூன்று வேலைக்காரர்கள் சேர்ந்து மேரிலாண்டுக்கு ஓடிப் பிடிபட்டபோது, வெள்ளையர் இருவருக்கு நான்கு வருடக் கூடுதல் வேலையும், ஜான் பஞ்ச் என்ற கறுப்பருக்கு ஆயுள் முழுக்க வேலையும் தண்டனையானது. ஆனால் அதெல்லாம் ஒரு மனிதனோடு முடிகிற கொடுமை. 1662 அதைக் கருப்பைக்குள் கொண்டுபோனது. எஜமானனே தகப்பனானாலும் பிள்ளை அவன் சொத்துப் பட்டியலில் ஒரு வரி. வளர்க்கிற கடமை போய், விற்கிற உரிமை வந்தது.

எதிர்ப்பக்கம் என்ன ஆயிற்று? வெள்ளைக்காரத் தாய்க்குப் பிறந்தால் இதே விதிப்படி பிள்ளை சுதந்திரமானது. 1691-இல் அதற்கும் ஏற்பாடு செய்தார்கள்: திருமணமில்லாமல் கறுப்பருக்குப் பிள்ளை பெற்ற ஆங்கிலேயப் பெண்ணுக்கு 15 பவுண்டு அபராதம், பிள்ளைக்கு முப்பது வயதுவரை கட்டாய வேலை.

இந்தச் சட்டத்தின் பலத்தை எண்ணிக்கையில் பார்க்கலாம். ஆப்பிரிக்காவிலிருந்து வட அமெரிக்காவுக்கு நேராகக் கொண்டுவரப்பட்டவர்கள் சுமார் 4 லட்சத்துக்கும் குறைவு என்று மதிப்பிடுகிறார்கள். 1808 முதல் இறக்குமதியே சட்டவிரோதம். ஆனால் 1860 கணக்கெடுப்பில் அடிமைகள் கிட்டத்தட்ட 40 லட்சம். வர்ஜீனியாவை முன்மாதிரியாகக் கொண்ட மற்ற காலனிகளும் இதே விதியை எடுத்துக்கொண்டிருந்தன. அத்தனை தொட்டிலும் கணக்கில் ஏறியது.

இப்போது 1776-க்கு வருகிறேன். பிலடெல்பியாவில் ஜேக்கப் கிராஃப் என்ற கொத்தனார் வீட்டின் இரண்டாம் தளத்தில் வாடகைக்கு இருந்துகொண்டு, பின்னாளில் அமெரிக்க ஜனாதிபதியான தாமஸ் ஜெபர்சன் சுதந்திரப் பிரகடனத்தை எழுதினார். அவருக்குப் பணிவிடை செய்ய உடன் வந்தவன் ராபர்ட் ஹெமிங்ஸ், வயது பதினான்கு. ராபர்ட்டின் தகப்பன் ஜான் வெய்ல்ஸ். ஜெபர்சனின் மனைவி மார்த்தாவுக்கும் அவரே தகப்பன். எல்லா மனிதரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள் என்று எழுதியவருக்கு அந்தப் பையன் மைத்துனன் முறை. ஆனால் அவன் அம்மா பெட்டி ஹெமிங்ஸ் அடிமை. ஆகவே 1662-இன் படி அவனும் அடிமை.

ராபர்ட்டின் தங்கை சாலி. சாலியின் பிள்ளைகளுக்கு ஜெபர்சனே தகப்பன் என்பதைப் பெரும்பாலான வரலாற்றாசிரியர்கள் இன்று ஏற்கிறார்கள். அவர்களில் மேடிசனுக்கும் எஸ்டனுக்கும் ஜெபர்சன் உயிலில் விடுதலை எழுதினார். மகள் ஹேரியட்டுக்கு எந்தப் பத்திரமும் இல்லை. 1822-இல் ஐம்பது டாலரோடு கோச் வண்டி ஏற்றி அனுப்பினார்கள், அவ்வளவுதான். வாஷிங்டனில் ஒரு வெள்ளைக்காரரை மணந்து, வெள்ளைக்காரியாகவே வாழ்ந்து, பிள்ளை குட்டிகளோடு இருந்தாள் என்று அண்ணன் தம்பிகளில் ஒருவரான மேடிசன் 1873-இல் சொன்னார். அக்கம்பக்கத்தில் யாருக்கும் சந்தேகம் வரவில்லையாம். ஆனால் பத்திரம் வாசிக்கிறவளாக நான் பார்க்கிறேன்: விடுதலை எழுதப்படாத தாய். வெளியே யாருக்கும் தெரியாமல் வளர்ந்த அந்தப் பிள்ளைகள், ஜேம்ஸ்டவுன் போட்ட சட்டப்படி, ஜெபர்சனின் வாரிசுகளுக்குச் சொந்தமான அடிமைகள்.