சி டிரைவில் ஒரு வெப்சைட்

மஞ்சக்குப்பம் சித்தப்பா ரிட்டயர் ஆனதும் குடும்பப் படங்களுக்கென்றே ஒரு வெப்சைட் தொடங்கினார். திருப்பாதிரிப்புலியூர் வைகாசித் தேர், சில்வர் பீச் காற்றில் குடும்பமே தலை கலைந்து நிற்பது எல்லாம் அதில் உண்டு. "பார்த்தியா?" என்று போன் வந்தது. முத்தியால்பேட்டையில் நான் திறந்தால், படம் இருக்கவேண்டிய இடமெல்லாம் காலிக் கட்டம்.

"ஒண்ணும் தெரியலையே சித்தப்பா."

"இங்க பளிச்சுனு தெரியுதுடா. உன் கம்ப்யூட்டர்லதான் கோளாறு."

சென்னை அத்தைக்கும் கட்டம், பெங்களூரு அண்ணனுக்கும் கட்டம். எல்லார் வீட்டுக் கம்ப்யூட்டரும் பழுது, தன்னுடையதைத் தவிர என்று முடிவே கட்டிவிட்டார்.

நேரில் போய்ப் பார்த்தால், அவர் தினமும் ரசித்தது நெட்டில் இருக்கும் பக்கத்தையே அல்ல. டெஸ்க்டாப்பில் வைத்திருந்த அதே ஃபைலைத்தான் டபுள் கிளிக் செய்து திறந்திருக்கிறார். படங்களின் முகவரியும் அவருடைய கம்ப்யூட்டரின் சி டிரைவைக் காட்டியது. வெப்சைட்டுக்குப் போய்ச் சேர்ந்தது எழுத்து மட்டும். படம் ஒன்றுகூட வீட்டை விட்டுக் கிளம்பவில்லை.

"அப்ப பார்க்கணும்னா எல்லாரும் நம்ம வீட்டுக்குத்தான் வரணுமா?" என்றார் சித்தி.

சரி, முகவரிகளைத் திருத்திவிட்டு, ஃபைல்களை வெப்சைட்டுக்கு அனுப்பும் எஃப்டிபியில் ஏற்ற உட்கார்ந்தோம். திரையில் இடப்பக்கம் நம் கம்ப்யூட்டர், வலப்பக்கம் வெப்சைட் குடியிருக்கும் சர்வர். இங்கிருந்து அங்கே இழுத்துவிட வேண்டியதுதான். ஆனால் மனிதர் எல்லாவற்றையும் 600 டிபிஐயில், அதாவது அங்குலத்துக்கு 600 புள்ளியாக, ஸ்கேன் செய்து வைத்திருந்தார். 6க்கு 4 அங்குலப் படம் ஒன்றிலேயே 86 லட்சம் புள்ளி! அவர் வீட்டு பிராட்பேண்டிலோ இறக்கும் வேகத்தில் ஏற்ற முடியவில்லை. பச்சைக் கோடு நகர்கிறதா நிற்கிறதா என்றே தெரியவில்லை. தேர் படம் பாதி போவதற்குள் சித்தி காபி போட்டுக் கொண்டுவந்து எட்டிப் பார்த்தார். "நிஜத் தேரே இந்நேரம் நிலைக்கு வந்திருக்கும்."

படத்தையெல்லாம் சின்னதாக்கி ஏற்றியதும் மளமளவென்று போய்விட்டது. அத்தை போனில் ஒவ்வொரு படமாகச் சொல்லிச் சந்தோஷப்பட்டார். அப்புறம் ஒரு கேள்வி: "ஏண்டா, உன் பொண்டாட்டி படம் மட்டும் காணோம்?"

சித்தி திரும்பிப் பார்த்த பார்வையில் சித்தப்பாவுக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. நல்லவேளை, காரணம் சிக்கியது. படத்தின் பெயர் முழுக்க கேப்பிட்டல் எழுத்து, பக்கத்தில் அடித்திருந்ததோ சின்ன எழுத்து. சித்தப்பா கம்ப்யூட்டரில் ஓடும் விண்டோஸ் இதைக் கண்டுகொள்ளாது. சர்வரில் ஓடும் லினக்ஸ் என்ற இயங்குதளத்துக்கு இரண்டும் வேறு வேறு ஃபைல்.

"ஒண்ணுமில்ல, உன்னைப் பெரிய எழுத்துல வச்சுட்டு, சின்ன எழுத்துல தேடியிருக்கேன்" என்று சமாளித்தார்.

"கல்யாணத்துக்கு முன்னாடி எடுத்த படமாச்சே, பெரிய எழுத்தாத்தான் இருந்திருப்பேன்" என்று டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனார் சித்தி.