பெல்ட்டுக்கு வயசு வருஷத்துல

எங்க பக்கம், மன்னார்குடி நீடாமங்கலம் சுத்துல, கார் வச்சிருக்கவங்க நிறைய பேரு வண்டிய ரொம்ப ஓட்டுறதில்ல. வாரத்துக்கு ஒரு தடவ டவுனு, முகூர்த்த மாசத்துல நாலு கல்யாணம், எப்பவாவது தஞ்சாவூர் ஆஸ்பத்திரி, அவ்ளோதான். பதினஞ்சு வருஷ வண்டிய கூட மீட்டர்ல பார்த்தா அறுபதாயிரம் கிலோமீட்டர்தான் இருக்கும், அதையே பெருமையா சொல்லுவாங்க, "தம்பி வண்டி ஓடவே இல்ல, புதுசு மாதிரி"ன்னு. டைமிங் பெல்ட், அதாவது இஞ்சின் வால்வ சரியான நேரத்துக்கு திறந்து மூட வைக்குற ரப்பர் பெல்ட், இருக்க வண்டிக்கு அந்த கிலோமீட்டர் கணக்கு செல்லாது, வருஷக் கணக்குதான்ங்கறத மெக்கானிக்கா நான் ரொம்ப நாளா சொல்லிகிட்டுதான் இருக்கேன், ஆனா போன தை மாசம் ஒரு வாத்தியார் சாரோட வண்டி வந்ததுக்கு அப்புறம் இதை எழுதியே வைக்கணும்னு தோணுச்சு.

சார் ரிட்டயர் ஆகி இப்ப விவசாயம் பாக்குறாரு. 2007 மாடல் டீசல் கார், நாலு சிலிண்டர், 2022ல பதினஞ்சு வருஷம் முடிஞ்சு ஆர்டிஓ ஆபீஸ்ல காட்டி இன்னொரு அஞ்சு வருஷத்துக்கு ரெனியூவல் வாங்கி வச்சிருந்தாரு, அதனால வண்டிய இன்னும் ஓட்டணும்னு ஆசை. சம்பா அறுப்பு நடக்குது, காலைல களத்துல இருந்து கொள்முதல் நிலையத்துக்கு போகலாம்னு சாவி போட்டிருக்காரு, ஸ்டார்ட் ஆகற மாதிரி ஒரு உதறல், அப்புறம் டப்புனு நின்னு போச்சு. திரும்ப செல்ஃப் அடிச்சா விர்ருனு லேசா சுத்துது, எப்பவும் கேக்குற அந்த திணறலே இல்ல. அறுப்பு மிஷின் பசங்க எல்லாம் சேர்ந்து தள்ளி ஸ்டார்ட் பண்ணிடலாம்னு கிளம்பிட்டாங்க, சார்தான் "சத்தம் சரியில்லப்பா, தொடாதீங்க"ன்னு நிறுத்திட்டு எனக்கு போன் பண்ணாரு. அந்த ஒரு வார்த்தைதான் அந்த இஞ்சினை காப்பாத்துச்சுன்னு நான் இன்னைக்கும் சொல்லுவேன்.

ஏன்னா டீசல் இஞ்சின்ல நடக்குறது இதுதான். பிஸ்டன் சேர்ந்திருக்க தண்டு கிராங்க், வால்வ திறக்குற தண்டு கேம்; கிராங்க் ரெண்டு சுத்து சுத்தினா கேம் ஒரு சுத்து சுத்தணும், அந்த ரெண்டையும் சேர்த்து பிடிச்சிருக்கறது ஒரு ரப்பர் பெல்ட், உள்ள கண்ணாடி நார் இழை ஓடும், உள்பக்கம் பல்லு. இந்த வண்டில டீசல் பம்ப்பையும் அதே பெல்ட்தான் சுத்துது. டீசல்ல ஸ்பார்க் பிளக் கிடையாது, காத்த பதினஞ்சு இருபதுல ஒரு பங்கா அமுக்கி அந்த சூட்டுலயே எரிய வைக்குது, அதனால பிஸ்டன் மேல வந்து நிக்கும்போது இஞ்சினோட மேல் மூடியான ஹெட்டுக்கும் அதுக்கும் நடுவுல ஒரு மில்லிமீட்டர் கூட இடம் இருக்காது. வால்வு திறக்கும்போது ஏழெட்டு மில்லிமீட்டர் கீழ இறங்கும். பெல்ட் பிடி விட்டா கேம் அப்படியே நின்னுடும், எந்த வால்வு திறந்து இருந்துச்சோ அது திறந்தே நிக்கும், கீழருந்து பிஸ்டன் வந்து மோதும். ஹைவேல எம்பது கிலோமீட்டர் வேகத்துல பெல்ட் போனா கேம் ஷாஃப்ட்டே ஒடைஞ்சு வரலாம், பிஸ்டன் ஓட்டை விழலாம். ஸ்டார்ட் பண்ற நேரத்துல போனா அடி கொஞ்சம் கம்மி, அதோட மேல மேல செல்ஃப் அடிக்காம இருந்தா இன்னும் கம்மி.

இங்க ஆளுங்களுக்கு இது ஏன் தெரியறதில்லன்னா, நம்ம ஊர்ல எல்லாரும் பழகின இஞ்சின் ரெண்டே ரெண்டு, ஒண்ணு டிராக்டர், ஒண்ணு அம்பாசிடர். டிராக்டர்ல டைமிங் எல்லாம் பல்சக்கரம். பழைய அம்பாசிடர்ல கேம் இஞ்சின் பிளாக்குக்குள்ளயே இருக்கும், சங்கிலி போட்டிருப்பான். ரெண்டுலயும் யாரும் தேதி பார்த்து மாத்த வேண்டிய சாமான் எதுவும் அந்த இடத்துல கிடையாது. கும்பகோணத்துல எனக்கு தொழில் கத்துக்கொடுத்த மேஸ்திரி வாழ்நாள் முழுக்க அம்பாசிடர் பார்த்தவரு, 2014ல அந்த வண்டி தயாரிப்பே நின்னதுக்கு அப்புறமும் அவர்கிட்ட வரிசையா நிக்கும். பெல்ட் வண்டிய அவரு கடைசி வரைக்கும் நம்பல, ஆனா எது கெட்டாலும் முதல்ல ஏன் கெட்டுச்சுன்னு பாரு, அப்புறம் சாமான் எழுதுன்னு சொல்லுவாரு, அது இந்த வேலைக்கு அப்படியே பொருந்துச்சு.

வண்டிய கட்டி இழுத்து பட்டறைக்கு கொண்டாந்து பெல்ட் கவர கழட்டினேன். பெல்ட் அறுந்து தொங்கல, முழுசாதான் இருந்துச்சு, ஆனா கிராங்க் கியர் இருக்க இடத்துல ஒரு கை அகலத்துக்கு பல்லு மொத்தமா உரிஞ்சு கீழ கிடக்குது. இந்த இடத்துல நிறைய பேரு பெல்ட் பழசுன்னு சொல்லிட்டு ஹெட்ட இறக்க போயிடுவாங்க. நான் டார்ச் வச்சு கியர பார்த்தேன். கியரோட பல்லு நடுவுல இருக்க பள்ளத்துல கருப்பா ஏதோ இறுகி கிடக்குது, ஸ்க்ரூ டிரைவர் முனையால தோண்டி வெள்ளைத் துணில தேய்ச்சு பார்த்தா உமி, வைக்கோல் தூசி, ஆயில் எல்லாம் சேர்ந்து அடை மாதிரி ஒட்டிகிட்டு இருக்கு. கவரோட கீழ் மூலை உடைஞ்சு ஓட்டையா இருந்துச்சு, களத்து ஓரத்துல வைக்கோல் போருக்கு பக்கத்துலயே ஷெட்டு, ஒவ்வொரு அறுப்புக்கும் தூசி உள்ள போயிருக்கு. ஆயில் எங்கருந்துன்னா கிராங்க் முன்பக்க ஆயில் சீல், ஆயில் வெளிய வராம தடுக்குற ரப்பர் வளையம், நிறைய நாள் ஓடாம நின்ன வண்டில அந்த ரப்பர் உதடு காய்ஞ்சு கெட்டியாகி லேசா கசிஞ்சிருக்கு. ஆயில் பட்டா பெல்ட் ரப்பர் ஊறி மெத்துனு ஆயிடும், பள்ளத்துல அடை ஏறினா பல்லு சரியா உக்காராம மேல ஏறி ஏறி ஓடும். பெல்ட்ட மடிச்சு பார்த்தேன், மிச்சம் இருந்த பல்லோட அடியிலயும் தலைமுடி மாதிரி வெடிப்பு. எப்ப மாத்துனதுன்னு கேட்டா சாருக்கு ஞாபகம் இல்ல, "ஒரு தடவ மாத்துனேன் தம்பி, பில்லு எங்கேயோ போயிடுச்சு, ஆனா அதுக்கப்புறம் வண்டி எங்க ஓடுச்சு?"ன்னாரு.

ஹெட்ட இறக்கினோம். போல்ட்ட வெளிப்பக்கத்துல இருந்து உள்ள வரிசையா தளர்த்தணும், அவசரப்பட்டு ஒரே பக்கமா கழட்டினா அலுமினிய ஹெட் வளைஞ்சுடும். வால்வு போர்ட்ல டீசல ஊத்தி வச்சு பார்த்ததுல நாலு வால்வு ஒழுகுது. கழட்டி கண்ணாடி தகடு மேல உருட்டினா நாலும் தலையாட்டுது, வளைஞ்சிருக்கு. வால்வு ஏறி இறங்குற குழாய், கைடு, அதுல ஒண்ணு விரிசல். கேம் தப்பிச்சிருந்துச்சு, அதுதான் பெரிய நிம்மதி. பிஸ்டன் தலைல பிறை மாதிரி தடம் விழுந்திருந்தது, ஆழம் இல்ல. அதோட விட முடியாது, மோதின வேகத்துல பிஸ்டனையும் கிராங்கையும் சேர்க்குற கனெக்டிங் ராட் வளைஞ்சிருக்கலாம், அதுக்கு நாலு பிஸ்டனையும் ஒவ்வொண்ணா மேல கொண்டாந்து டயல் கேஜ் வச்சு பிளாக்குக்கு மேல எவ்வளவு நிக்குதுன்னு அளந்தேன். ஒண்ணு மட்டும் கம்மியா நின்னா அந்த ராட் வளைஞ்சிருக்குன்னு அர்த்தம். நாலும் சமமா இருந்துச்சு. ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவுல வைக்குற ஹெட் பேக்கிங் எந்த கனத்துல போடணும்னு முடிவு பண்றதும் இதே அளவ வச்சுதான், டீசல்ல இதை அளக்காம பழைய பேக்கிங்க பார்த்து வாங்குறவங்களுக்கு நான் என்ன சொல்றதுன்னே தெரியல.

ஹெட் கும்பகோணம் லேத்துக்கு போயிட்டு வந்துச்சு. சாமான் திருச்சில இருந்து பஸ்ல போட்டு விட்டாங்க. பெல்ட் மட்டும் போதுமேன்னு சார் கேட்டாரு, நியாயமான கேள்விதான், ஏற்கனவே ஹெட் வேலைக்கே செலவு ஏறி போச்சு. ஆனா பெல்ட்ட இறுக்கி பிடிக்குற டென்ஷனர், அதை வழிநடத்துற உருளை ஐட்லர், தண்ணி பம்ப்பான வாட்டர் பாடி, கிராங்க் சீல், கேம் சீல் எல்லாம் அதே வயசு, அதுல எது இறுகினாலும் கசிஞ்சாலும் புது பெல்ட்டும் போயிடும், திரும்ப இதே கூலி. பழைய வாட்டர் பாடி மேல கூலன்ட் காய்ஞ்ச தடத்த காட்டினேன், அதுக்கப்புறம் அவரு பேசல, "போடு தம்பி, மிச்ச காசு நெல்லு பணம் வந்ததும்"னாரு. இங்க தொழில் அப்படித்தான், அறுப்பு முடிஞ்சாதான் கணக்கு முடியும்.

கியர்ல இருக்க குறிய நேரா வச்சு பெல்ட் மாட்டின உடனே பட்டறை பையன் செல்ஃப் அடிக்க ஓடுனான், கைய பிடிச்சு நிறுத்தினேன். கிராங்க் போல்ட்ல ஸ்பேனர் போட்டு கையாலயே ரெண்டு முழு சுத்து சுத்தணும். எங்கயாவது கெட்டியா முட்டினா அங்கேயே நிறுத்தலாம், கைக்கு தெரியும், செல்ஃபுக்கு தெரியாது. ரெண்டு சுத்து முடிஞ்சதும் கிராங்க், கேம், பம்ப் மூணு மார்க்கும் திரும்ப வந்து நேரா நின்னா டென்ஷனர இறுக்கலாம். அவனையே சுத்த வச்சேன், மார்க் வந்து நின்னப்ப அவன் முகத்துல இருந்த சந்தோஷத்துக்காகவே இந்த தொழில பாக்கலாம்.

கவர் உடைசலுக்கு புது கவர் கிடைக்கல, பழைய வண்டில இருந்து ஒண்ணு தேடி பிடிச்சு போட்டோம், ஷெட்ட வைக்கோல் போர்ல இருந்து தள்ளி வைங்கன்னு சாருக்கு சொல்லியாச்சு. கவர் மேல பெயின்ட் மார்க்கர்ல மாசம் வருஷம் கிலோமீட்டர் மூணும் எழுதினேன், பில்லு தொலைஞ்சாலும் வண்டில இருக்கும், வேற பட்டறைல திறந்தாலும் தெரியும். அதுல இருந்து வர்ற ஒவ்வொரு பெல்ட் வண்டிக்கும் இதை செய்யறோம், "எத்தன கிலோமீட்டர்ல மாத்தணும்"னு கேக்குறவங்ககிட்ட கம்பெனி புக்குல போட்டிருக்க கிலோமீட்டர சொல்றதுக்கு முன்னாடி வருஷக் கணக்க சொல்றோம், நம்ம ஊர்ல அதுதான் முன்னாடி வருது.