சாவி மேசையில் இருக்கிறது

சனிக்கிழமைகளில் ஸ்பானிய வகுப்புக்குப் போகத் தொடங்கி எட்டு மாதங்கள் ஆகின்றன. வினைச்சொற்களின் திரிபுகளை எம்ஆர்டி ரயில் பயணத்திலேயே உருப்போட்டுவிட முடிந்தது. பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வந்து நிற்கும் சின்னஞ்சிறு இடைச்சொற்கள்தாம் என்னைப் பாடாய்ப்படுத்தின. சிங்கப்பூரில் வளர்ந்த பலரையும் போல எதையும் ஆங்கிலத்தின் வழியாகவே கற்றுப் பழகியவன் நான் என்பதால், ஒவ்வோர் ஆங்கிலச் சொல்லுக்கும் ஈடான ஸ்பானியச் சொல்லைப் பட்டியலிட்டு வைத்திருந்தேன். முதல் மாதத்திலேயே அந்தப் பட்டியல் பயனற்றுப் போயிற்று.

'என்' என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். (நம் காதில் அது 'என்னுடைய' என்றுதான் விழும்.) வீட்டுக்குள் இருப்பதற்கு ஒன்று, மேசைமேல் இருப்பதற்கு ஒன்று, பேருந்தில் போவதற்கு ஒன்று என ஆங்கிலம் வெவ்வேறு சொற்களைக் கேட்கும் இடங்களிலெல்லாம் ஸ்பானியத்துக்கு 'என்' ஒன்றே போதும், வீட்டில், மேசையில், பேருந்தில் என்று நாம் 'இல்' சேர்ப்பதைப் போலத்தான். 'லா யாவே எஸ்தா என் லா மேசா' என்றால் சாவி மேசையில் இருக்கிறது. சாவி, மேசை இரண்டுமே போர்த்துகீசியரிடமிருந்து தமிழுக்கு வந்தவை என்பதால், ஸ்பானியத்தின் 'யாவே'யும் 'மேசா'வும் அவற்றுக்கு ஒன்றுவிட்ட உறவு.

'அம்மாவைத் தேடுகிறேன்' என்பதை 'புஸ்கோ மி மாத்ரே' என்று எழுதிக் கொடுத்தபோது, மெக்சிகோவைச் சேர்ந்த எங்கள் ஆசிரியை நடுவே சிவப்பு மையில் ஓர் 'ஆ' செருகித் தந்தார். செயப்படுபொருள் குறிப்பிட்ட மனிதராக இருந்தால் அதற்கு முன் 'ஆ' வரவேண்டுமாம். ஆங்கிலத்தில் இதற்கு இணையே இல்லாததால் வகுப்பில் எல்லோரும் விழித்தோம். வீடு திரும்பும் வழியில்தான் எனக்கு உறைத்தது: இது நம் இரண்டாம் வேற்றுமையின் போக்கு அல்லவா? 'அம்மா தேடுகிறேன்' என்று யாரும் சொல்வதில்லை. ஆனால் வீட்டுவேலைக்கு 'ஆள் தேடுகிறேன்' என்போம். தெரிந்த ஒருவரானால் 'அந்த ஆளைத் தேடுகிறேன்' என்போம். ஸ்பானியத்திலும் யாராவது ஒரு பணிப்பெண் கிடைத்தால் போதும் என்றால் 'புஸ்கோ உனா எம்ப்ளெயாதா'. வேலையில் இருக்கும் அதே பெண்ணைத் தேடினால் 'புஸ்கோ ஆ லா எம்ப்ளெயாதா'. இரண்டு மொழிகளும் எல்லா இடத்திலும் ஒத்துப்போவதில்லை என்றாலும், அன்றுமுதல் அந்த 'ஆ'வை நான் அநேகமாகத் தவறவிடுவதில்லை.

'கொன்மீகோ' என்பதும் பிடித்துப்போயிற்று. 'என்னோடு' என்று பொருள்படும் இச்சொல்லில் 'ஓடு' என்பதற்கான லத்தீன் சொல் தலையிலும் வாலிலுமாக இருமுறை ஒளிந்திருக்கிறது. நாம் 'என்னோடுகூட' என்பதில்லையா, அதைப் போல.

'பாரா', 'போர்' இரண்டில்தான் தமிழும் என்னைக் கைவிட்டது. 'அம்மாவுக்கு இந்தச் சேலையை ஐம்பது வெள்ளிக்கு வாங்கினேன்' என்ற வாக்கியத்தில் இரண்டு 'கு' இருக்கின்றன. பெறுபவரைச் சுட்டும் முதலாவது 'பாரா'. விலையைச் சுட்டும் இரண்டாவது 'போர்'. நோக்கம், சேருமிடம், கெடு ஆகியவை 'பாரா' பக்கம். காரணம், விலை, கடந்துசெல்லும் வழி ஆகியவை 'போர்' பக்கம். இவ்வளவும் தெரிந்தும், காப்பி வாங்கித் தந்த வகுப்புத் தோழரிடம் 'கிராசியாஸ் பாரா எல் கஃபே' என்று சொல்லிவிட்டேன். நன்றிக்குக் காப்பி காரணம் என்பதால் அங்கே 'போர்' வந்திருக்க வேண்டும்.

'காலையில்' என்பதற்கும் எங்கள் பாடநூல் 'போர்' போட்டு 'போர் லா மன்யானா' என்றே சொல்கிறது. 'இல்' பழக்கத்தில் நான் 'என் லா மன்யானா' என்று எழுதிவிட்டுத் திருத்தத்துக்குக் காத்திருந்தேன். தம் ஊரில் அப்படித்தான் பேசுவோம் என்று சொல்லி, ஆசிரியை சரி போட்டுத் தந்துவிட்டார்.