வேவ் பூல் படிக்கட்டில் கேட்ட கேள்வி

"பிரச்சனை தண்ணிக்கா, பார்க்கிறவங்களுக்கா?" என்று அந்தப் பெண் கேட்டார். "ரெண்டுக்கும்தான் மேடம்" என்றேன். அதைப் பொய் என்று சொல்ல முடியாது. ஆனால் அந்த நேரத்தில், அந்தத் தண்ணீரில், அது உண்மையாகவும் இல்லை.

நான் வேலை பார்க்கும் வாட்டர் பார்க்கில், செயற்கை அலை எழுப்பும் வேவ் பூலில், மே மாத ஞாயிற்றுக்கிழமை. கூட்டம் எப்படி இருந்திருக்கும் என்று இந்த வேலையில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அவர் அணிந்திருந்தது இரண்டு துண்டு நீச்சல் உடை. மேல் துண்டைக் கழுத்துக்குப் பின்னால் முடிச்சுப் போட்டிருந்தார். கணவர் பக்கத்தில் நின்றார், இடுப்பில் சின்னக் குழந்தை, மாமியார் நிழலில் உட்கார்ந்து பைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். புகார் சொன்னவரும் குடும்பத்தோடு வந்தவர்தான். "சிஸ்டர், ஃபேமிலி வர்ற இடம். நீங்க ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்றார். நான் போய்ச் சொன்னேன். "மேடம், இந்த டிரஸ் ரூல்ஸ்ல வராது. காஸ்ட்யூம் கவுண்டர்ல மாத்திக்கோங்க, வாடகை வேண்டாம்."

ரூல்ஸில் வராது என்று சொன்னதுதான் இன்னும் உறுத்துகிறது.

எங்கள் பலகையில் முதல் வரி, நைலான் அல்லது லைக்ரா உடை மட்டும். அதற்குக் காரணங்கள் உண்டு. பருத்தித் துணி தண்ணீரைக் குடித்துக் கனத்துவிடும். ட்யூப் இல்லாமல் உடம்பாலேயே சறுக்கும் பாடி ஸ்லைடில் பனியனும் காட்டன் ஷார்ட்ஸும் போட்டவர் பாதி வழியில் வேகம் குறைந்து நின்றுவிடுவார். மேலே நிற்கும் பையன் கணக்குப் போட்டு அடுத்தவரை விட்டிருப்பான். அவர் வந்து முதுகில் மோதுவார். பருத்தியிலிருந்து உதிரும் நூலும் பஞ்சும் பம்புக்கு முன்னால் இருக்கும் ஸ்ட்ரெய்னர் கூடையில் அடைக்கும். தப்பிப்பது சாண்ட் ஃபில்டரில் போய்ப் படியும். அழுத்தமானி ஏறும், ஒரு தடவை பேக்வாஷ் (தண்ணீரைத் திருப்பிவிட்டு ஃபில்டரைக் கழுவுவது) செய்ய வேண்டிய நாளில் மூன்று தடவை செய்ய வேண்டி வரும். துணியில் ஊறிய வியர்வை, சோப்பு, சாயம் எல்லாம் குளோரினைத் தின்னும். தண்ணீரில் கிருமியைக் கொல்லும் குளோரினின் அளவைக் காலையில் சரியாக வைத்தாலும் கூட்ட நாளில் மதியத்துக்குள் குளோரின் கீழே இறங்கிவிடும். ஜீன்ஸின் உலோகப் பொத்தான் ஃபைபர் ஸ்லைடின் வழவழப்பான மேல்பூச்சைக் கீறும். அந்தக் கீறல் பின்னால் வரும் குழந்தையின் முதுகைக் கிழிக்கும். துப்பட்டா மிதவை ட்யூப்பின் கைப்பிடியில் சிக்கும். நைட்டி தண்ணீரில் குடைபோல் விரிந்து மிதக்கும், அதன் அடியில் ஒரு பிள்ளை முழுகினால் மேடையில் நிற்கும் லைஃப்கார்டுக்குத் தெரியாது.

இந்த அளவுகோல்களால் அளந்தால் அந்தப் பெண்ணின் உடையில் ஒரு குறையும் இல்லை. நைலானும் லைக்ராவும் கலந்த துணி, உடம்போடு ஒட்டியது, உலோகம் கிடையாது, தொங்கும் துணி கிடையாது. அதே நேரத்தில் நைட்டியோடு அலையில் நின்றவர்கள் இருவரைத் தாண்டித்தான் அவரிடம் போனேன்.

முடிச்சைக் காரணம் காட்டலாம். அப்புறம் பல தடவை அதைத்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வேகமான பாடி ஸ்லைடில் கைகளை மார்பின் குறுக்கே கட்டி, கணுக்கால்களைப் பின்னிக்கொண்டு படுக்கச் சொல்வதற்கு ஒரு காரணம், கீழே தண்ணீரில் அடிக்கும்போது தண்ணீர் காலிலிருந்து தலையை நோக்கிப் பாயும் என்பது. அந்த வேகத்தில் இழுத்துக்கட்டிய முடிச்சு அவிழும், மேல் துண்டு நழுவும். இது நடந்திருக்கிறது. அதனால்தான் கீழே நிற்கும் பெண் ஊழியரிடம் எப்போதும் ஒரு பெரிய துண்டு இருக்கும். தொளதொள டி-ஷர்ட்டும் இதே மாதிரிதான் மேலேறி முகத்தை மூடும், பிள்ளைகள் மூச்சுத் திணறிப் பதறுவார்கள். அவர் ஸ்லைடு படிக்கட்டில் நின்றிருந்தால் இதே வார்த்தைகளைச் சொல்லியிருப்பேன், ஒரு சங்கடமும் இருந்திருக்காது. அவர் நின்றது இடுப்பளவுத் தண்ணீரில், குழந்தையோடு. அலை உடையும் இடத்தில் துணி இழுபடும் என்பது சரிதான். ஆனால் அங்கே அவர் நிற்கவில்லை.

சொல்லாமல் விட்ட விஷயம் வேறு. நாலைந்து பையன்கள் தண்ணீருக்குள் மொபைலைப் பிளாஸ்டிக் பவுச்சில் போட்டு அவர் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தார்கள். லைஃப்கார்டு விசிலடித்து எனக்குக் கை காட்டியதே அதைத்தான். நான் அவர்களிடம் போகவில்லை. போனால், "செல்ஃபி எடுக்கிறோம் அக்கா" என்பார்கள். கேலரியைத் திறந்து காட்டு என்று கேட்க எங்களுக்கு அதிகாரம் இல்லை. செக்யூரிட்டி இருவர் வர வேண்டும், சத்தம் போடுவார்கள், கூட்டம் கூடும், அதற்குள் அடுத்த அலைக்குச் சைரன் அடித்துவிடும். இந்தப் பெண்ணிடம் தணிந்து சொன்னால் கேட்டுக்கொள்வார் என்று பார்த்ததுமே தெரிந்தது. கேட்கக்கூடியவரிடம் சொன்னேன். கூட்டத்தை நடத்துகிறவர்கள் எல்லாரும் இதைத்தான் செய்வார்கள், செய்யவும் வேண்டும் என்று ஒரு நாள் தோன்றுகிறது. மறுநாள் அப்படித் தோன்றுவதில்லை. அந்தப் பவுச்சை விற்பதும் எங்கள் கவுண்டரில்தான்.

புகார் சொன்னவரைத் தவறானவர் என்று நினைக்கவில்லை. வயதான அம்மாவையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு, பணம் கட்டி வந்திருக்கிறார். எந்த மாதிரி இடத்தில் அவர்களை நிறுத்துகிறோம் என்று கவலைப்பட அவருக்கு உரிமை உண்டு. ஆனால் அவருக்குச் சங்கடம் தந்தது என்ன என்று யோசித்தால், வெறும் உடம்பு இவ்வளவு தெரிகிறது என்பது மட்டுமாக இருக்க முடியாது. ஆற்றுப் படித்துறையில் பாவாடையை மார்புக்கு மேல் ஏற்றிக் கட்டிக் குளிக்கும் பெண்களைப் பார்த்து வளர்ந்தவர்கள்தான் நாம். தோள் தெரியும், முழங்கால் தெரியும், ஈரத்துணி ஒட்டிக்கொண்டிருக்கும். அதை யாரும் கூச்சமாகப் பார்த்ததில்லை. பழகிய உருவம், பழகிய இடம், பெண்களுக்கென்று ஒரு துறை. குற்றால மெயின் அருவியில் இன்றும் பெண்கள் பக்கம் தனி. நாங்கள் எல்லாரையும் ஒரே குளத்தில் இறக்கிவிட்டு, படித்துறையில் இருந்த அந்த ஒதுக்கத்தை எங்கிருந்து கொண்டுவருவது என்று யோசிக்கவே இல்லை. ஆண்கள் ஜட்டியோடு இறங்கினால், "ப்ரோ, ஷார்ட்ஸ் போட்டுக்கோங்க" என்று லைஃப்கார்டு பையன் சொல்வான், அவர்களும் போய்ப் போட்டுக்கொண்டு வருவார்கள். யாரும் என்னைத் தேடி வந்து புகார் சொல்வதில்லை.

பிரான்ஸில் இது தலைகீழ். பல நகராட்சிக் குளங்களில் உடம்போடு ஒட்டிய நீச்சல் உடைதான் போட வேண்டும், ஆண்களின் தொளதொள ஷார்ட்ஸுக்கே அனுமதி இல்லை. 2022-இல் கிரனோபிள் நகராட்சி உடம்பு முழுவதும் மூடும் புர்கினிக்கு இடம் தரும்படி விதியை மாற்றியது. கீழ் நீதிமன்றம் அதை நிறுத்திவைத்தது, அதே ஆண்டு ஜூனில் நாட்டின் உச்ச நிர்வாக நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. அங்கேயும் சுகாதாரம், பாதுகாப்பு என்ற சொற்கள் வந்தன. மூடியதை விலக்கவும் மூடாததை விலக்கவும் ஒரே சொற்கள் உதவுகின்றன என்றால், படிக்கட்டில் நான் சொன்ன "ரூல்ஸ்" எந்த வகை என்று கேட்டுக்கொள்ளாமல் இருக்க முடியவில்லை.

அவர் சண்டை போடவில்லை. "சரி" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கவுண்டருக்குப் போனார். எங்கள் வாடகை செட் முக்கால் கை டாப், முழங்காலுக்குக் கீழே வரும் லெக்கிங்ஸ். குளோரின் லைக்ராவின் இழுவையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும். துவைத்து, கிருமிநாசினியில் ஊறப்போட்டு, சூடான டிரையரில் உலர்த்தினால் இன்னும் சீக்கிரம் தளரும். டிசம்பரில் வாங்கியது மே மாதத்தில் கழுத்து அகன்று தொங்கும். அவருக்கு வேண்டிய எல் சைஸ் தீர்ந்துவிட்டது, எக்ஸ்எல் கொடுத்தார்கள். திரும்பி வந்து குழந்தையைத் தூக்கக் குனிந்தபோது கழுத்து முழுவதும் முன்னால் சரிந்தது. அதன் பிறகு ஒரு கையால் கழுத்தைப் பிடித்துக்கொண்டு, ஒரு கையால் குழந்தையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அலை வரும்போது குழந்தையை இரண்டு கையாலும் பிடிக்க வேண்டும் என்று ஒலிபெருக்கியில் சொல்வது நாங்கள். சொந்த உடையில் அவருக்கு இரண்டு கையும் இருந்தது.

இதைக் கவனித்தும் நான் போய் ஒன்றும் சொல்லவில்லை. போய் என்ன சொல்வது? அடுத்த அலை முடிந்ததும் அவர்கள் தண்ணீரைவிட்டு ஏறிவிட்டார்கள். பையன்கள் மாலை வரை இருந்தார்கள்.

சீசன் முடிந்ததும் பலகையைப் புதிதாக எழுதும் வேலை என்னிடம் வந்தது. முடிச்சுப் போடும் உடைகளுக்குப் பாடி ஸ்லைடில் அனுமதி இல்லை, மேலே இறுக்கமான ரேஷ்கார்டு (உடம்போடு ஒட்டிய நீச்சல் மேல்சட்டை) போட்டால் ஏறலாம் என்று எழுதினேன். ஆண்களுக்கு நைலான் ஷார்ட்ஸ் கட்டாயம், உள்ளே பருத்தி கூடாது. நைட்டி, துப்பட்டா, ஜீன்ஸ் எந்தத் தண்ணீருக்கும் ஆகாது. வேவ் பூலில் மொபைல் கூடாது என்றும் எழுதினேன். அந்த வரி நின்றது, ஆனால் பவுச் விற்பனை இன்னும் நடக்கிறது. வாடகை செட்டைப் பாதி சீசனில் மாற்ற வேண்டும், எலாஸ்டிக்கை இழுத்துப் பார்த்துத் திரும்பி வராததைக் கழித்துவிட வேண்டும் என்பதை ஏற்றுக்கொண்டார்கள்.

பழைய பலகையின் கடைசி வரி, "குடும்பங்களுக்கு ஏற்ற உடை அணியவும்." அதை முதலில் அடித்தேன். எத்தனை அங்குலம், எந்தத் துணி என்று அளக்க முடியாத வரி அது, அன்று நான் ஒளிந்துகொண்டதும் அதற்குப் பின்னால்தான். அச்சுக்குப் போவதற்கு முன்னால் திரும்பச் சேர்த்தேன். கூட்ட நாளில் பத்தொன்பது வயதுப் பெண்பிள்ளைகள் கவுண்டரில் தனியாக நிற்கிறார்கள். புகாரோடு ஒருவர் வந்து கத்தும்போது விரல் நீட்டிக் காட்ட அவர்களுக்கு ஒரு வரி வேண்டும் என்று நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

போன வாரம் அவர்களில் ஒருத்தி பலகையைப் படித்துவிட்டுக் கேட்டாள்: "அக்கா, முடிச்சுப் போட்ட ரெண்டு பீஸ் ஸ்லைடுக்கு வேண்டாம்னு இருக்கு. வேவ் பூலுக்குப் போட்டுட்டு வந்தா விடலாமா, கூடாதா?" சீசன் ஆரம்பிக்கட்டும், சொல்கிறேன் என்று அனுப்பினேன்.